லங்காவியா, பெர்ஹெந்தியானா? மாதத்தைப் பார்த்துத் தீவை முடிவு செய்வது எப்படி

பட்டர்வொர்த்தில் வேன் ஓட்டுகிறேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றுவது, தண்ணீர்மலைக் கோயில், பினாங்கு மலை, அப்புறம் கேட்டால் தீவுப் பயணம். மதுரை, கோயம்புத்தூர் பக்கமிருந்து வருகிற குடும்பங்களும் சரி, ஈப்போ, கோலாலம்பூரில் இருக்கும் நம்ம ஆட்களும் சரி, போனில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, லங்காவி நல்லாருக்குமா, பெர்ஹெந்தியான் நல்லாருக்குமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மாசம் வர்றீங்க?" டிசம்பர் என்று பதில் வந்தால் பேச்சு அதோடு முடிந்தது, லங்காவிதான். பெர்ஹெந்தியானில் அப்போது பெரும்பாலான விடுதிகள் பூட்டிக் கிடக்கும், படகுகளைக் கரையேற்றி வைத்திருப்பார்கள். மே, ஜூன் என்றால்தான் உட்கார்ந்து பேச விஷயம் இருக்கிறது.

போட்டோவை வைத்து முடிவு செய்யவே கூடாது. போட்டோவில் எல்லாத் தீவும் ஒன்றுதான்: நீலத் தண்ணீர், சாய்ந்த தென்னை, ஒரு ஊஞ்சல். முதலில் ஒரு மலேசிய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லங்காவி தீபகற்பத்தின் மேற்குக் கரையில், தாய்லாந்து எல்லையை ஒட்டி, மலாக்கா நீரிணை அந்தமான் கடலோடு சேருகிற இடத்தில் இருக்கிறது. கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. பெர்ஹெந்தியான் நேர் எதிர்க் கரையில், திரங்கானு மாநிலத்தில், தென் சீனக் கடலுக்குள் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டுமே பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 6 டிகிரியில்தான். நடுவே 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெப்பமும் அப்படித்தான், பகலில் 31, 32 டிகிரி, ராத்திரி 24, 25. ஆனால் மழை மட்டும் ஒன்றுக்கொன்று முறை வைத்துக்கொண்டு பெய்கிறது. ஜனவரியில் லங்காவியில் மாத மழை 100 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. திரங்கானு கரையிலோ நவம்பர், டிசம்பர் ஒவ்வொரு மாதமும் 500 மில்லிமீட்டரைத் தாண்டும். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 1,400 என்பதை வைத்துப் பார்த்தால் அதன் கனம் புரியும்.

நடுவில் நிற்கும் மலை

காரணம் தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை தீபகற்பத்தின் முதுகெலும்பாக ஓடுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. சீனா, சைபீரியா பக்கமிருந்து குளிர்ந்து கிளம்பி, தென் சீனக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கிளந்தான், திரங்கானு, பகாங் கரையில் கொட்டுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது அதில் சரக்கு குறைவு. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் அடைமழை பெய்யவைக்கிற அதே வடகிழக்குப் பருவம்தான். வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் என்னவோ, இங்கே கோத்தா பாருவுக்கும் கோல திரங்கானுவுக்கும் அதே.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரில் கிரிக் – ஜெலி சாலையில் ஒருமுறை போக வேண்டும். 1982-இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை அது. பட்டர்வொர்த்தில் வானம் வெளுத்திருக்கும். பாலிங் தாண்டி கிரிக் வரைக்கும் சட்டை வியர்வையில் ஒட்டும். தெமெங்கோர் ஏரிப் பாலத்தில் மேகம் இறங்கி நிற்பது தெரியும். மலை உச்சியைத் தாண்டி ஜெலி பக்கம் இறங்குகிறபோது வைப்பரை மூன்றாவது வேகத்தில் வைத்தாலும் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. சாலையோர வாய்க்கால்கள் டீ நிறத்தில் ஓடும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதிக அடி கிளந்தானுக்குத்தான். அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு உல்லாசப் பயணம் என்று யார் கூப்பிட்டாலும் நான் வண்டி எடுப்பதில்லை.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இது நம் மேற்குக் கரையை நேராக அடிக்க வேண்டியது. ஆனால் எதிரே சுமத்ரா தீவு, அதன் முதுகில் பாரிசான் மலைகள். மழையை அவை வாங்கிக்கொள்கின்றன. கேரளாவில் கொட்டித் தீர்க்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் திருப்பூர் காய்வதில்லையா, அந்தக் கணக்குதான். இதில் லங்காவிக்கு மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. சுமத்ராவின் வடமுனை லங்காவிக்குத் தெற்கேயே முடிந்துவிடுகிறது. அதனால் மலாக்கா, போர்ட் டிக்சன் போன்ற ஊர்களுக்குக் கிடைக்கும் முழு மறைப்பு லங்காவிக்கு இல்லை. அந்தமான் கடல் பக்கம் திறந்து கிடக்கிறது. ஆகவே தீபகற்பத்தின் மற்ற பகுதிகள் ஓரளவு காய்ந்திருக்கிற ஜூன், ஜூலையிலும் லங்காவியில் மழையும் அலையும் இருக்கும். நிறையப் பேர் "தென்மேற்குப் பருவம் என்றால் மலேசியாவில் வறட்சிக் காலம்" என்று படித்துவிட்டு வந்து லங்காவியின் பாந்தாய் செனாங் கடற்கரையில் சிவப்புக் கொடியைப் பார்த்து முகம் சுளிப்பது இதனால்தான்.

மாதங்களை இப்படிப் பாருங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை லங்காவி. நம் மாதத்தில் சொன்னால் மார்கழி, தை, மாசி. பினாங்கில் தைப்பூச ரதம் வருகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள்: வெறுங்காலோடு நடக்கிற பக்தர்களுக்காகத் தார்ச்சாலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், ஊற்றிய தண்ணீர் கண்முன்னே காய்ந்துவிடும். அந்த வெயில்தான் லங்காவியிலும். கடல் தட்டையாக இருக்கும், காற்று வறண்டிருக்கும், மலையேறினால் தாய்லாந்தின் தாருதாவ் தீவு வரைக்கும் தெரியும். டிசம்பர் முதல் வாரம் இன்னும் கொஞ்சம் சந்தேகம்தான். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க நிலவரம் நன்றாகும். பிப்ரவரி, மார்ச்சில் சூடு கூடுதல். மலேசியாவில் பதிவான மிக அதிக வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸின் சுப்பிங்கில். லங்காவிக்குப் பெர்ரி ஏறுகிற கோல பெர்லிஸ் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. வயசானவர்களைக் கூட்டி வந்தால் மதியம் 12 முதல் 4 வரை அறையிலோ கடைக்குள்ளோ வைத்துவிடுங்கள்.

ஏப்ரல் இடைக்காலம். இரண்டு பக்கமும் போகலாம். காலையில் நல்ல வெயில், மாலையில் இடி. பெர்ஹெந்தியானில் விடுதிகள் மார்ச் வாக்கில் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கி, ஏப்ரலில் முழுசாக ஓடும். கூட்டமும் குறைவு. கேட்டால் ஏப்ரல் கடைசி வாரம்தான் பெர்ஹெந்தியானுக்கு என் முதல் சிபாரிசு. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையோடும் ஒத்துப்போகிறது.

மே முதல் ஆகஸ்ட் வரை பெர்ஹெந்தியான். மழையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னேரத்தில் தரைப்பக்கம் கருத்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். ஆனால் கடல் அமைதியாக இருக்கும், அதுதான் முக்கியம். அதே நேரம் மேற்குக் கரையில் "சுமத்ரா" என்று நாங்கள் சொல்கிற காற்று வரும். விடியற்காலை 3, 4 மணிக்கு நீரிணைமேல் உருவாகி, வரிசையாக வந்து, மரத்தை முறித்து, கூரைத் தகரத்தைப் பெயர்த்துவிட்டு, எட்டு மணிக்குள் ஒன்றும் நடக்காதது மாதிரி போய்விடும். அப்படிப்பட்ட காலையில் லங்காவிக்கு முதல் பெர்ரிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், பத்து மணிக்கு மேல் எடுங்கள்.

செப்டம்பரும் அக்டோபரும் லங்காவிக்கு மழை உச்சம். புரட்டாசி, ஐப்பசி. பினாங்கிலும் அப்படித்தான், லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சாமான் வாங்கப் போகிறவர்கள் குடையோடுதான் போவார்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு முழுக்க வெள்ளம் வந்தது இந்தப் பருவ மாற்றத்தை ஒட்டித்தான். பெர்ஹெந்தியானில் செப்டம்பர் இன்னும் நன்றாகவே இருக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் கிழக்குப் பக்க அலை எழும்பத் தொடங்கும், விடுதிகள் பூட்டுவதற்குத் தயாராகும்.

நவம்பர், இரண்டுக்கும் வேண்டாம்.

லங்காவியின் பாறைகள்

மழைக் கணக்கு பாதிதான். தீவு எதனால் ஆனது என்பது மீதிப் பாதி. அதைத் தெரிந்துகொண்டால் எந்த நாளில் எந்த மூலைக்குப் போவது என்று முடிவு செய்யலாம்.

லங்காவி ஒரு தீவு இல்லை, 99 தீவுகள் சேர்ந்த கூட்டம் என்பார்கள். பெரிய தீவு பினாங்குத் தீவைவிடச் சற்றுப் பெரியது. அதற்குள்ளேயே மூன்று வகை நிலம். வடமேற்கு மூலையில் மச்சிஞ்சாங் மலை: மணற்கல், சுமார் 55 கோடி ஆண்டுப் பழமை, மலேசியாவிலேயே மிகப் பழைய பாறை. உச்சி 708 மீட்டர். கேபிள் கார் ஏறுவது இங்கேதான், 125 மீட்டர் நீளத்துக்கு வளைந்து தொங்குகிற பாலமும் இங்கேதான். நடுவில் குனோங் ராயா: கருங்கல் மலை, 881 மீட்டர், உச்சிவரை கார் போகும், சாயங்காலம் பெரிய இருவாட்சிகள் பறப்பதைப் பார்க்கலாம். கிழக்கே கிலிம்: செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றின் காலடியில் அலையாத்திக் காடு. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குக் காடு பழகியதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காட்டுக்கு நடுவே ஐம்பது அறுபது மீட்டர் உயரத்துக்குப் பாறைச் சுவர் எழும்பி நிற்பதைப் பிச்சாவரத்தில் பார்க்க முடியாது. இந்த நிலவியலுக்காகத்தான் யுனெஸ்கோ 2007-இல் லங்காவிக்குப் புவிப்பூங்கா அங்கீகாரம் கொடுத்தது. தென்கிழக்காசியாவில் அதுதான் முதல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வானிலை ஒத்துவரும். மச்சிஞ்சாங்கில் மதியத்துக்கு மேல் மேகம் உட்கார்ந்துவிடும். காற்று பலமானாலும் மின்னல் வந்தாலும் கேபிள் காரை நிறுத்துவார்கள். அதனால் எந்த மாதமானாலும் காலையில் திறக்கிற நேரத்துக்கே போய் நிற்க வேண்டும். தெலாகா துஜோ, தெமுருன் அருவிகள் இதற்கு நேர் எதிர். பிப்ரவரியில் போனால் பாறைமேல் ஈரக்கோடு மட்டும்தான், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்; செப்டம்பரில் சத்தம் தூரத்திலேயே கேட்கும். மழைக்காலத்தில்தான் லங்காவி என்று உங்கள் விடுமுறை அமைந்துவிட்டால், கடற்கரையை மறந்துவிட்டு அருவிகளுக்கும், தாயாங் புந்திங் தீவில் உள்ள நன்னீர் ஏரிக்கும், கிலிம் படகுப் பயணத்துக்கும் நாளை ஒதுக்குங்கள். அந்த ஏரி ஒரு சுண்ணாம்புக் குகையின் கூரை இடிந்து உண்டானது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு பாறைச் சுவர்தான்; ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் நல்ல தண்ணீர்.

வடக்குக் கரையில் கறுப்பு மணல் கடற்கரை ஒன்று உண்டு. அதைப் பார்த்து எண்ணெய்க் கசிவு என்று சிலர் நினைக்கிறார்கள். கருங்கல் மலையிலிருந்து அரித்து வந்த டூர்மலின், இல்மனைட் போன்ற கருந்தாதுக்கள்தான். பத்து நிமிஷம் பார்த்தால் போதும், தனியாக ஒரு நாள் கொடுக்கத் தேவையில்லை.

கடல் ஏன் கலங்கல்?

மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா பாந்தாய் செனாங் மணலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, தண்ணி இப்படிப் பச்சையாவும் சேறாவும் இருக்கே, இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?" நியாயமான கேள்வி. லங்காவியைச் சுற்றியுள்ள கடல் ஆழம் குறைவு. அலையாத்திக் காட்டுச் சேறும் கெடா, பெர்லிஸ் ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் அடியில் கிடக்கின்றன. கடல் ஏற்ற இறக்கம் பெரிது. பெரிய ஏற்றத்தின் உச்சத்துக்கும் வற்றின் அடிமட்டத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர். ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்தத் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும்போது அடியில் கிடப்பதைக் கலக்கிவிடுகிறது. அழுக்குத் தண்ணீர் இல்லை அது. மீனும் நண்டும் வளர்கிற தண்ணீர். ஆனால் முகமூடி போட்டுக்கொண்டு தலையை முக்கினால் உங்கள் கையே சரியாகத் தெரியாது. பவளம் பார்க்கத்தான் ஆசை என்றால் லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவுக் கடல் பூங்காவுக்குப் படகில் போகலாம். அதுவும் பரவாயில்லை ரகம்தான்.

பெர்ஹெந்தியானில் கதை வேறு. அருகே பெரிய ஆறு இல்லை, சேற்றுக்காடு இல்லை. கருங்கல் பாறை உடைந்த வெள்ளை மணல், கரையை ஒட்டியே பவளத்திட்டு, பின்னால் திறந்த கடல். இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே கால் விரல்கள் தெரியும், அவற்றைச் சுற்றி மீன் வரும். பச்சை ஆமைகள் புல் மேய வருகிற இடங்களைப் படகோட்டிகள் காட்டுவார்கள். கிட்டப் போகாதீர்கள், தொடவே கூடாது. 2010-இல் கடல்நீர் சூடாகிப் பவளம் வெளுத்ததால் மலேசியாவின் கடல் பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களையே மூடினார்கள். பவளத்தின்மேல் நிற்பது, காலால் உதைப்பது எல்லாம் அந்த அடிக்கு மேல் அடி.

ஆனால் இந்தத் தீவில் கடலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பெசார், கெச்சில் என்று இரண்டு தீவுகள், நடுவே ஒரு கால்வாய். கார் ஓட்டச் சாலை கிடையாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் காட்டுப்பாதை அல்லது படகு டாக்சி. மழை பெய்தால் போய் ஒதுங்கக் கடைத்தொகுதி இல்லை, விடுதி வராந்தாதான். கெச்சிலில் லாங் பீச் கிழக்கைப் பார்த்தது, கோரல் பே மேற்கைப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவே கால் மணி நேர நடைதான். பருவத் தொடக்கத்திலும் கடைசியிலும், அதாவது மார்ச், அக்டோபரில், கிழக்குப் பக்கம் அலை இருக்கும் என்பதால் கோரல் பே பக்கம் அறை எடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லாங் பீச் அமைதியாக இருக்கும்.

படகுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்ஹெந்தியானுக்குக் கிளம்புகிற கோல பெசுட் படகுத்துறையில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றுகிற வேகப்படகு. முக்கால் மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுவார்கள், ஆனால் அந்தப் பையன்களுக்கு மெதுவாக ஓட்டத் தெரியாது. முன்பக்கம் மேலே எழும்பி, அடுத்த அலையில் தட்டென்று விழும். முதுகுத்தண்டு வரைக்கும் அந்தத் தட்டு ஏறும். கடைசி வரிசையில், எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்தால் குலுக்கல் பாதிதான். வெளியூர்க்காரர்கள் காற்றுக்காக முன்னால் போய் உட்காருவார்கள்; விட்டுவிடுங்கள், இடம் கிடைத்ததே என்று பின்னால் போங்கள். பையைப் பெரிய குப்பைப் பிளாஸ்டிக்கில் போட்டுக் கட்டிவிடுங்கள். சில விடுதிகளுக்குப் படகுத்துறை கிடையாது, முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். முட்டி வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதுகில் ஆபரேஷன் செய்தவர்கள் இதற்கு வேண்டாம். அவர்களுக்கு எந்த மாதமானாலும் லங்காவிதான், மழை பெய்தாலும் பரவாயில்லை. அங்கே சாலை இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, குவா டவுனிலும் செனாங்கிலும் தோசை கிடைக்கிறது.

சைவக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பெர்ஹெந்தியானில் காய்கறிச் சோறு கேட்டால் அதில் நெத்திலி இருக்கும். பருப்புப்பொடி, ஊறுகாய், ஒரு சின்ன நெய்ப் பாட்டில். மூன்று நாளைத் தள்ளிவிடலாம்.

நாட்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள்

வீட்டுச் சுவரில் தொங்குகிற தமிழ் நாட்காட்டி இந்த விஷயத்தில் எந்தச் செயலிக்கும் குறைந்ததில்லை. அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றும் பெரிது. அஷ்டமியை ஒட்டி இரண்டும் மிதமாக இருக்கும். லங்காவியில் இதற்கு நேரடி விளைவு உண்டு. பெரும் வற்றில் செனாங் கடற்கரையில் தண்ணீரைத் தொட வெகுதூரம் நடக்க வேண்டும்; பக்கத்துக் குட்டித் தீவுக்கு மணல்திட்டு வெளியே தெரியும். கோல பெர்லிஸ் கால்வாய் ஆழம் குறைந்து பெர்ரி தாமதமாகலாம். கிலிமில் படகு நுழைகிற முதலைக் குகைக்குள் நீர் ஏறியிருக்கும்போது போக முடியாது, கூரை தலையில் இடிக்கும். ஆகவே கிலிம் போகிற நாளில் படகுக்காரரிடம் நீர் இறங்குகிற நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப நேரம் குறியுங்கள். கிழக்குக் கரையில் ஏற்ற இறக்கம் இவ்வளவு இல்லை.

இன்னொன்று, நேரம். மலேசியா முழுக்க ஒரே மணி, 1982 முதல். லங்காவி மேற்குக் கோடியில் இருப்பதால் சூரியன் தாமதமாக வரும், தாமதமாகப் போகும். ஜனவரியில் காலை ஏழு மணிக்கும் இருட்டாகவே இருக்கும். மாலை ஏழு தாண்டியும் வெளிச்சம். சூரியோதயம் பார்க்க ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளை வதைக்கத் தேவையில்லை.

புகை

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சுமத்ராவில் கரிநிலக் காடுகள் எரிந்தால் புகை தென்மேற்குக் காற்றோடு நம் பக்கம் வரும். 2015-லும் 2019-லும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். எல்லா வருஷமும் வராது. காற்றுத் தரக் குறியீடு 100-க்கு மேல் போனால் ஆஸ்துமா உள்ளவர்கள் பயணத்தைத் தள்ளிவைக்கலாம். எனக்கு என் சொந்த அளவுகோல் ஒன்று உண்டு. காலையில் பாகான் ஆஜாம் கடலோரம் வண்டியை நிறுத்தி வடக்கே பார்ப்பேன். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தெளிவாகத் தெரிந்தால் லங்காவியில் கேபிள் காருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. மலை மங்கலாகக்கூடத் தெரியாவிட்டால் "இன்னைக்கு மலைமேல ஏறி ஒண்ணும் பார்க்க முடியாது, கிலிமுக்குப் போகலாம்" என்று ஆட்களிடம் சொல்லிவிடுவேன். புகை கிழக்குக் கரைக்கும் போகும், ஆனால் மலையைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் நீர்த்துவிடுகிறது.

கிளம்புவதற்கு முன்

மூன்று நாளைக்கு முன்னாலிருந்து மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். மழை முன்னறிவிப்பைவிட இது முக்கியம். "இடியுடன் மழை" என்று வருஷம் முழுக்கத்தான் போட்டிருக்கும், அதைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்தால் மலேசியாவில் எங்கேயும் போக முடியாது. அலை 3.5 மீட்டர் வரை எழும் என்கிற முதல் நிலை எச்சரிக்கை வந்தாலே சின்னப் படகுகளுக்கு வேலையில்லை. முன்பணம் போனாலும் போகட்டும், கிளம்பாமல் இருந்துவிடுங்கள். டிசம்பரில் கிழக்குக் கரைத் தீவுப் பேக்கேஜ் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பாதி விலைக்கான காரணம் கடலில் நிற்கிறது.

லங்காவிக்கு இங்கிருந்து விமானத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காரில் போய்ப் பெர்ரி ஏறுவதென்றால் கோல கெடா துறை கிட்ட, ஆனால் கடலில் ஒன்றே முக்கால் மணி நேரம். கோல பெர்லிஸ் தூரம், கடலில் ஒன்றே கால் மணி. மே முதல் அக்டோபர் வரை வாந்தி வருகிறவர்கள் கூடுதலாக ஓட்டினாலும் பெர்லிஸுக்கே போங்கள். 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் சாக்லேட் வாங்கத் திரும்பும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும், பெண்கள் கேட்டால் இரண்டு மணி நேரம்.

பெர்ஹெந்தியானுக்கு பட்டர்வொர்த்திலிருந்து கோல பெசுட் சுமார் ஆறு மணி நேரம். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் வெளிச்சத்தில் மலையேறலாம். கிரிக்கில் எண்ணெய் நிரப்பிவிடுங்கள், அதற்கப்புறம் ஜெலி வரைக்கும் காடு. யானை படம் போட்ட மஞ்சள் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை. பொழுது சாய்ந்தபின் அந்தச் சாலையில் ஓட்ட வேண்டாம். மதியம் இரண்டுக்குள் படகுத்துறையில் நின்றால் நிம்மதி. மலேசிய ரிங்கிட்டை ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள், தீவில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம். கெடா, கிளந்தான், திரங்கானு மூன்றிலும் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதால் உள்ளூர்க் கூட்டம் வியாழன் மாலையே தொடங்கிவிடும். ஞாயிறு போய்ப் புதன் திரும்புங்கள்.

மேற்குக் கடலில் ஜெல்லிமீன் உண்டு. ஒரு சின்ன வினிகர் பாட்டில் பையில் இருக்கட்டும். கொட்டினால் வினிகரை ஊற்றிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தேய்க்காதீர்கள்.

அக்டோபர் பிற்பாதி, நவம்பரில்தான் லீவு கிடைக்கும் என்கிறவர்களுக்கு நான் தீவே சொல்வதில்லை. பினாங்கிலேயே இருங்கள். மழை பெரும்பாலும் பின்னேரம்தான். காலையில் ஜார்ஜ் டவுன் தெருக்களையும் பினாங்கு மலையையும் முடித்துவிட்டு, மூன்று மணிக்கு மேகம் கட்டும்போது ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிடலாம். அதற்கு வண்டிகூடத் தேவையில்லை, எனக்குப் போன் செய்ய வேண்டாம்.